எத்தனையாவது மாடிவரை?

சிங்கப்பூரில், தோ பாயோவின் பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நின்றதில்லை. அறுபதுகளின் நடுவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) இந்த நகரத்தை எழுப்பத் தொடங்கியபோது மூன்று, நான்கு மாடிக்கு ஒரு நிறுத்தம் என்றுதான் கட்டினார்கள். இடைப்பட்ட மாடியில் வீடு கிடைத்தவர்கள் ஒரு மாடியோ இரண்டு மாடியோ ஏறியோ இறங்கியோ போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். அத்தாப்புக் கூரையிலிருந்து வந்தவர்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றியிருக்காது. குழாயில் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம், வீட்டுக்குள்ளேயே கழிவறை. இதற்குமேல் படி ஏறுவதா பெரிய காரியம்? எல்லாருக்கும் அன்றைக்கு முழங்கால் நன்றாக இருந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஆட்கள் அதே வீட்டில் சக்கர நாற்காலிக்கு வந்தபோது கணக்கு மாறிற்று. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. புளோக்கில் 75 விழுக்காட்டினர் சம்மதித்து வாக்களிக்க வேண்டியிருந்தது. செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்றது. ஆனால் பலன் பெறும் ஒரு வீட்டுக்கு 30,000 வெள்ளிக்குமேல் ஆகும் என்று தெரிந்த கட்டடங்களில் வேலை நடக்கவில்லை. அப்படி விடுபட்டுப்போன இடங்களில் படி ஏற முடியாமல் இருப்பவர்கள் வேறு வீட்டுக்கு மாறிக்கொள்ள 2020இல் ஒரு மானியம் அறிவித்தார்கள்.

என்னை இழுப்பது அந்த 30,000 என்ற எண்தான். வரி வாங்கும், சட்டம் போடும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்டு வரும் ஓர் அரசு, எல்லா வீட்டுக்கும் மின்தூக்கி என்று சொன்ன கையோடு, எந்தத் தொகையைத் தாண்டினால் முடியாது என்பதையும் எழுதிவைத்தது. முடியாமல் போனவர்களுக்கு என்ன வழி என்பதையும், பிந்தியாவது, எழுதியது. படி ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தவர்களுக்கு அந்த எண்மேல் கோபம் இருந்திருக்கும். ஆனாலும் கோபப்படுவதற்கு ஓர் எண்ணாவது இருந்தது.

தொண்டூழியர்கள் நடத்தும் திறமூல மென்பொருள் திட்டங்களில் இப்படி ஓர் எண்ணை நான் பார்த்ததில்லை. அலுவலகம் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, சம்பளமில்லாமல் நிரல் எழுதும் நாலைந்து பேர் தங்கள் முகப்பில் எழுதிப்போடுவது பெரும்பாலும் ‘அனைவருக்கும்’ என்பதுதான். எல்லாக் கணினியிலும், எல்லா மொழியிலும், எந்த வயதினருக்கும். வீவகவே எழுதத் தயங்கிய வாக்குறுதி. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் தன்னை இன்றும் ‘உலகளாவிய இயங்குதளம்’ என்றே சொல்லிக்கொள்கிறது. ஆனால் அதன் வரலாற்றை ஒட்டிப் படித்தால் அது இறக்கிவிட்டுப் போனவர்களின் பட்டியல் நீளமானது. ஒரு காலத்தில் உலகத்தின் ஏராளமான கணினிகளுக்குள் இருந்த 32 பிட் இன்டெல் வகையை 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு முழுமையான ஆதரவிலிருந்து எடுத்துவிட்டது. புதிய ரிஸ்க்-ஃபைவ் சில்லுகள் உள்ளே வந்தன. லினக்ஸ் கருநிரலின் கதை இன்னும் வேடிக்கை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியதே ஒரு 386 கணினியில். 2012 டிசம்பரில் அந்த 386க்கான பகுதிகளை அவரே நீக்க ஒப்புக்கொண்டார். பிறந்த வீட்டையே இடித்தார்கள் என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு அது நாணயமான காரியமாகவே படுகிறது. யாரும் சோதித்துப் பார்க்காத ஒன்றை ‘இயங்கும்’ என்று பட்டியலில் வைத்திருப்பதைவிட எடுத்துவிட்டேன் என்று சொல்வது மேல்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எல்லோருக்கும் என்ற சொல்மேல் எனக்குள்ள கடனையும் சொல்லியாக வேண்டும். தமிழ் இணையத்துக்குள் வந்ததே அந்தச் சொல்லால்தான்.

1995 அக்டோபரில் அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் ஒரு கவிதைத் தளத்தைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர்க் கவிதைகள், நான்கு ஆட்சிமொழிகளிலும். இந்த ஊரின் ஆட்சிமொழி நான்கு என்பது அரசமைப்பிலேயே எழுதப்பட்டது. ஆங்கிலமும் மலாயும் ரோமன் எழுத்தில் ஓடிவிடும். சீனத்துக்கு அப்போதே கருவிகள் இருந்தன. தமிழுக்கு இணையத்தில் அப்படி நிலைபெற்ற வழி இல்லை. தமிழை மட்டும் விட்டுவிட முடியாது என்ற ஒரே காரணத்தால் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறையில் இருந்த டான் டின் வீயும், தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியராக இருந்த சிறுகதையாளர் நா. கோவிந்தசாமியும் அந்த வழியைப் போட்டார்கள். கோவிந்தசாமி தன் எழுத்துருவுக்கும் விசைமுறைக்கும் ‘கணியன்’ என்று பெயர் வைத்தார். 1997 மே மாதம் உலகத்தின் தமிழ்க் கணினிக்காரர்களை முதன்முறையாகச் சிங்கப்பூரில் கூட்டியவரும் அவர்தான். 1999 மே மாதம் இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த பேச்சின் தொடர்ச்சியாக 2000இல் இங்கேயே நடந்த மாநாட்டில்தான் உலகத் தமிழ்க் கணினிக்காரர்களின் உத்தமம் அமைப்பு உருவானது.

தமிழ்நாட்டில் கோடிக்கணக்கில் தமிழர் இருக்க, ஒப்பிட்டால் மிகச் சில தமிழரே உள்ள ஊர் முந்திக்கொண்டதற்கு அறிவு மட்டும் காரணமல்ல. இங்கே நாலாவது மொழியை விட்டுவிட அனுமதி இல்லை. அந்தக் கட்டாயத்தை அரசு சுமந்தது. சம்பளம் கொடுத்த பல்கலைக்கழகங்கள் சுமந்தன. பிறகுதான் கோவிந்தசாமியின் ராத்தூக்கம்.

அரசமைப்பு எதுவும் கட்டாயப்படுத்தாதபோது தமிழர்கள் என்ன செய்தார்கள்? அந்த அத்தியாயம் எனக்கு இன்னும் பிடித்தமானது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் லோசானிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்த சிலர் மின்னஞ்சல் வழியாகக் கூடி ஒரு பொதுக் குறியேற்றத்தை வகுத்தார்கள்: தஸ்கி. அப்போதைய எட்டு பிட் முறையில் மொத்தம் 256 இடம். பாதி ஆங்கிலத்துக்கு. மிச்சம் 128 இடத்துக்குள் தமிழ் முழுக்கவும் அடங்க வேண்டும். உயிர், அகரமேறிய மெய், புள்ளி வைத்த மெய் என்று அடுக்கினால் ஏறக்குறைய ஐம்பது இடம் போய்விடும். கு, கூ, டு, டூ ஒவ்வொன்றும் தனி வடிவம் என்பதால் பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டு இடம். கொம்பு, கால், கொக்கி. அதன்பின் கிரந்த எழுத்துகள்: தனித்தமிழ் அன்பர் வேண்டாம் என்பார், பெயரில் ஜவும் ஸவும் உள்ளவர் விடமாட்டார். அதற்கும்மேல் தமிழ் எண்கள், நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் உரிய குறிகள் உள்பட. மளிகைக் கணக்கில் ௲ எழுதுகிறவர் அந்த வருடத்தில் உலகத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று தெரியாது, ஆனாலும் அதற்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். யாரும் விடுபடக் கூடாது என்ற அக்கறை அந்தப் பட்டியலின் ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும்.

எல்லோரையும் உட்காரவைத்தும் எல்லோரும் வரவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசு டேம், டேப் என்ற வேறு இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் எடுத்துக்கொண்டது. ஈழத்துப் பத்திரிகைகளும் புலம்பெயர்ந்த அச்சகங்களும் பாமினி எழுத்துருவை விடவில்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்தன. தொண்டூழியர்கள் எத்தனை பரந்த மனத்தோடு திட்டமிட்டாலும், எதிர்த்தரப்பு உட்கார வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கடைசியில் வென்றது யூனிகோடு. அதிலும் தமிழுக்கு 128 இடம்தான், ஆனால் விதி எதிர்த்திசையில் இருந்தது. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையை அப்படியே எடுத்ததால், தேவநாகரியில் எந்த எழுத்து எந்த வரிசையில் உள்ளதோ அதே வரிசையில்தான் தமிழும் உட்கார வேண்டும். க-வுக்கும் ங-வுக்கும் இடையில் தமிழில் இல்லாத மூன்று ஒலிகளுக்கு மூன்று காலி நாற்காலிகள். 128இல் நிரம்பியிருப்பது 72 மட்டுமே. அதே சமயம் ‘கு’ போன்ற நமது அன்றாட எழுத்துக்குத் தனி இடம் கிடையாது. இரண்டு குறியைச் சேர்த்துத்தான் அது பிறக்க வேண்டும். உள்ளிருந்து எல்லோருக்கும் என்று கணக்குப் போட்டபோது நெரிசல். மேலிருந்து எல்லா மொழிக்கும் ஒரே அச்சு என்று போட்டபோது ஏறக்குறைய பாதி வெறுமை. அட்டவணையின் அழகில் தஸ்கிக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். ஆனால் யூனிகோடின் பின்னால் சந்தா கட்டும் பெருநிறுவனங்கள் இருந்தன. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. அதன்பிறகு யார் அழகு என்ற பேச்சு மெல்ல அடங்கிவிட்டது. 2010இல் தமிழ்நாட்டு அரசும் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எல்லோருக்கும் எட்டுகிற அகலம் என்பது உண்மையிலேயே கைகூடிய பெரும்பாலான இடங்களில் யாரோ ஒருவருக்கு மாதச் சம்பளம் போயிருக்கிறது. ‘கொ’ என்று தட்டினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக வந்து நிற்கிறதே, அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரலகம். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆஃபிஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அதுதான். தமிழுக்கும் அரபுக்கும் கெமருக்கும் ஒரே இயந்திரம். அதை முன்னின்று எழுதிய பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் ஈரானில் பிறந்தவர். ரெட் ஹாட்டிலும் பிறகு கூகுளிலும் வேலை பார்த்துக்கொண்டே அதைச் செய்தார். அதேபோல் லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் எம்-17-என் நிரலகம் ஜப்பானிய அரசின் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில், ஹண்டா கெனிச்சி குழுவினரின் வேலையாக உருவானது.

அந்த ஜப்பானியர் தமிழ் விசைப்பலகை ஒவ்வொன்றையும் தாங்களே செய்து கொடுக்க முயலவில்லை. ஒரு விசைப்பலகை என்பது ஒரு சிறு உரைக்கோப்பு, அவ்வளவுதான் என்று அமைத்தார்கள். எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து. வேண்டியவர் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் அதே தொகுப்பில் தமிழ்99 இருக்கிறது, தட்டச்சுப்பொறி முறை இருக்கிறது, இந்திய அரசின் இன்ஸ்கிரிப்ட் இருக்கிறது, ஒலிபெயர்ப்பு முறை இருக்கிறது, இலங்கையில் பழகிய ரெங்கநாதன் முறையும் இருக்கிறது. இலங்கைத் தட்டச்சு பழகிய ஒருவரை ஜப்பானில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நினைக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை. ‘தமிழா’ குழுவின் எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளும் இந்த வழியில்தான் நடந்தது: தொடக்கத்தில் கீமேன் என்ற அயல்கருவியின்மேல் ஏறி நின்று, அஞ்சல், தமிழ்99, பாமினி என்று அவரவர் பழக்கத்துக்கு ஒன்றாகக் கொடுத்தது. விசைப்பலகைச் சண்டையை முடித்துவைக்க அது முயலவில்லை. அந்தச் சண்டைக்கு வெளியே நின்றதால்தான் அத்தனை பேருக்கும் பயன்பட்டது என்று நினைக்கிறேன்.

சம்பளம் சரியாக இல்லாத இடத்தில் உலகமே வந்து சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலகத்துக்கு ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர் என்று தெரியவந்தது. வங்கிகள் பயன்படுத்தின, அரசுகள் பயன்படுத்தின, உண்டியலில் காசு போட்டவர் மிகச் சிலர்.

2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்-இசட் விவகாரம் அதைவிடக் கசப்பானது. கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன நிரலகம். பல ஆண்டுகளாக ஒற்றை ஆள் பராமரித்துவந்தது. முன்பின் தெரியாத பெயர்களில் சிலர் வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, பயனர்கள் காத்திருக்கிறார்கள், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு என்று நெருக்கினார்கள். சோர்ந்துபோனவர் உதவிக்கு வந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். அந்த ‘உதவி’ இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக உழைத்து, உலகத்தின் சேவைக் கணினிகளுக்குள் புகக் கள்ளவாசல் ஒன்றை வைத்தது. ஆந்திரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டிப் பார்த்ததால் தப்பினோம். இதில் ஆயுதம் எது என்று யோசித்தால், நிரலைவிட முன்னால் வருவது அந்தக் கெஞ்சலும் அதட்டலும்தான். ‘எல்லோரும் காத்திருக்கிறார்கள்’ என்ற வாக்கியத்துக்கு ஒரு தொண்டூழியரால் பதில் சொல்ல முடியாது என்பது கெட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ‘இவ்வளவுதான் செய்வேன், இன்னாருக்காகத்தான் செய்கிறேன்’ என்று அவர் முன்னமே எழுதிவைத்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்போதும் நெருக்கியிருப்பார்கள். ஆனால் குற்றவுணர்வு கொஞ்சம் குறைந்திருக்கும்.

திறமூலக்காரர்களிடம் இதற்கு ஒரு தயார் பதில் உண்டு: பிடிக்கவில்லையா, நிரல் அங்கே இருக்கிறது, கிளைபிரித்து உன் விருப்பப்படி செய்துகொள். உரிமத்தின்படி இது சரி. ஆனால் இந்தப் பதில் எனக்கு ஒருநாளும் நிறைவு தந்ததில்லை. தோ பாயோ லோரோங் 8இல் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயில் வாசலில் கைப்பேசியை அடுத்தவரிடம் நீட்டி, “தம்பி, இதுல தமிழ் எழுத்து கட்டங்கட்டமா வருது, என்னன்னு பாரேன்” என்று கேட்கும் பாட்டியிடம் கிளைபிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதா? கிளைபிரிக்கும் உரிமை கிளைபிரிக்கத் தெரிந்தவர்களின் உரிமை. அவர்களுக்கு யாருடைய தயவும் எப்படியும் தேவைப்படுவதில்லை. மாடியில் நின்றுகொண்டு, படிக்கட்டைச் செதுக்க உனக்குத் தடையில்லை என்று சொல்வது போலத்தான் இது.

அப்படியானால் பாட்டிக்கு யார் பொறுப்பு? நிரல் எழுதிய அந்த நாலைந்து பேர் அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நிரலை எடுத்துத் தன் செயலிக்குள் வைத்து, இனிமேல் எல்லாம் கைப்பேசியில்தான் என்று சொன்னவர் யாரோ அவர் பொறுப்பு. 2020இல் சிங்கப்பூர் அரசு மூத்தோருக்கும் உணவங்காடிக் கடைக்காரர்களுக்கும் உதவ 1,000 மின்னிலக்கத் தூதர்களை நியமிப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில், தொற்றுத் தடமறியும் டிரேஸ்டுகெதர் செயலியின் அடிப்படை நிரலைத் திறமூலமாக உலகத்துக்குக் கொடுத்தது. கொடுத்த நிரல் எந்த நாட்டுக்குப் பொருந்தும், எந்த மொழியில் வரும் என்பது எடுத்துக்கொள்கிறவர் பாடு. ஆனால் தோ பாயோ சென்ட்ரலில் நின்ற முதியவர் கையில் அது இயங்க வேண்டியது அரசின் பாடாக இருந்தது. இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது. 2023 டிசம்பரில் ஏஐ சிங்கப்பூர் வெளியிட்ட சீ-லயன் மொழிமாதிரியில் தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழும் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் சம்பளக்காரர்கள், அவர்களிடம் ‘என் தமிழ் எங்கே’ என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுத்துப்பிழைத்திருத்தி எழுதுபவரிடம் அதே குரலில் கேட்க எனக்கு உரிமை இல்லை.

தொண்டூழியத்தின் அளவு பற்றி யோசிக்கும்போது இந்த ஊரில் நடந்த ஒரு வேலை நினைவுக்கு வரும். மென்பொருள் அல்ல, நூல்கள். 2013இல் அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்கள் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1965 தொடங்கி ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள். நாட்டின் பொன்விழாவுக்குள் முடிக்க வேண்டும். தேசிய நூலக வாரியத்தின் துணையோடு சுமார் 350 நூல்களை மின்னுருவாக்கி 2015 ஆகஸ்டில் பொதுமக்கள் கையில் கொடுத்தார்கள். எல்லை எவ்வளவு கறாரானது பாருங்கள். இங்கே அச்சான தொடக்ககாலத் தமிழ் நூல்களில் ஒன்றான, சதாசிவப் பண்டிதரின் 1887ஆம் ஆண்டு ‘சிங்கை நகர் அந்தாதி’ அந்த ஐம்பதாண்டுக்குள் வராது. ஏன் 1965, அதற்கு முன்பு இங்கே தமிழன் இல்லையா என்று கேட்பது எளிது, கேட்பதும் நியாயம். ஆனால் ஆண்டு, வகை, தேதி என்று மூன்று பக்கம் சுவர் வைத்ததால்தான் வேலை ஒரு நாள் முடிந்தது.

அதற்கு எதிர்முனையில் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது, லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பது. சங்கப் பாடல் முதல் அண்மைக்கால உரைநடைவரை, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் தட்டச்சு செய்து அனுப்பினாலும் ஏற்கும். பரந்தது, முடிவற்றது. அதற்கென்று ஒரு கணக்கு இல்லையே என்று என் வாதத்தை நானே மடக்கிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் மதுரைத் திட்டம் ‘எல்லாத் தமிழ் நூலையும் தருவேன்’ என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒருவருக்குச் சித்தர் பாடல் பிடித்தால் அதை அடிக்கிறார், இன்னொருவருக்குப் பிள்ளைத்தமிழ். பிடித்தது சேர்ந்து சேர்ந்து அகலமாகிவிட்டது. இதுவரை இல்லாத நூலுக்காக யாரும் அவர்கள்மேல் வழக்குப் போட முடியாது. வாக்குறுதி கொடுத்து அகலமாவதும், பிரியப்பட்டுப் பிரியப்பட்டு அகலமாவதும் வேறுவேறு. இரண்டாவதற்கு ஆள் களைப்பதில்லை என்று சொல்லமாட்டேன், களைக்கும். ஆனால் பொய் சொன்னதாக ஆகாது.

கொஞ்ச நாளாக என் தலைக்குள் ஒரு சின்ன விஷயம் ஓடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் கணினிகளின் அடியில் இருக்கும் குனு சி நிரலகத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் மொழிக்கும் ஒரு வட்டாரக் கோப்பு உண்டு. கிழமைப் பெயர், மாதப் பெயர், பணக்குறி, எண்ணில் எங்கே காற்புள்ளி என்பதெல்லாம் அதில். சிங்கப்பூர் ஆங்கிலத்துக்கு ஒரு கோப்பு இருக்கிறது, சிங்கப்பூர்ச் சீனத்துக்கு இருக்கிறது. தமிழுக்கு இந்தியக் கோப்பும் இலங்கைக் கோப்பும்தான். சிங்கப்பூர்த் தமிழுக்கும் சிங்கப்பூர் மலாய்க்கும் கோப்பு இல்லை. இந்தியத் தமிழை வைத்துக்கொண்டால் கணக்கு 1,00,000 என்று லட்சத்தில் பிரியும். பணம் ரூபாயில் வரும். இங்கே நாம் 100,000 என்று எழுதுகிறோம், வெள்ளியில் எண்ணுகிறோம். யூனிகோடு கூட்டமைப்பின் வட்டாரத் தரவில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு தமிழும் தனித்தனியாக இருக்கின்றன. கைப்பேசிகள் அந்தத் தரவைத்தான் எடுக்கின்றன என்பதால் பெரும்பாலோருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. பெருநிறுவனங்கள் சந்தா கட்டும் பக்கத்தில் நான்கு வாசலும் இருக்கின்றன. குனு பக்கத்தில் இரண்டு.

கோப்பை எழுத ஒரு சாயங்காலம் போதும். யாருக்காக எழுதுவது என்பதுதான் கேள்வி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழே அதிகம் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடு. அவர்களில் லினக்ஸ் வைத்திருப்பவர், அதைத் தமிழில் வைத்திருப்பவர், காற்புள்ளி உறுத்துகிறவர் என்று கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது நானாகவே இருக்கலாம். நான்கு மொழி என்றால் நான்கும் இருக்க வேண்டும் என்ற இந்த ஊர்ப் பழக்கம் மட்டுமே காரணம் என்றால், இதுவரை நான் சொன்னதன்படி அதை எழுதக் கூடாது. யாரும் கேட்காத ஒன்று; யாரும் சோதிக்காத ஒன்று. ஆனால் 1995இல் அந்தக் கவிதைப் பக்கமும் தமிழில் வேண்டும் என்று யாரும் வரிசையில் நின்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் கோப்புகளின் தலைப்பில் தொடர்பாளர் பெயருக்கு என்று ஒரு வரி இருக்கும். பல மொழிக் கோப்புகளில் அது வெறுமையாக இருக்கிறது. எழுதியவர் யார், இன்னும் பார்த்துக்கொள்கிறாரா என்று தெரிய வழியில்லை. நான் எழுதி அனுப்பினால் அதில் என் பெயரைப் போடுவேன். யாருக்காக என்று கேட்டால் எனக்காக, என் கணக்கு வழக்குக்காக என்று குறிப்பில் எழுதுவேன். மலாய்க்கும் சேர்த்துச் செய்துவிடலாமே என்று கை அரிக்கும். செய்யமாட்டேன், அது மலாயில் கணக்கு எழுதுகிறவர் செய்ய வேண்டியது, கேட்டால் உட்கார்ந்து உதவலாம். நான் லினக்ஸை விட்டுவிட்டாலோ கோப்பில் வந்த பிழைக்கு ஆறு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தாலோ அதை நீக்கிவிடலாம் என்பதையும் அதே குறிப்பில் சேர்க்க வேண்டும். அனுப்பும்போது பராமரிப்பவர்கள் இதென்ன புது வழக்கம் என்று அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அதற்காகக் கொஞ்சம் வாதாடிப் பார்ப்பதாக உத்தேசம்.